செங்கல்பட்டு சொன்ன விடை

மானாம்பதியில் இன்று பிறக்கும் குழந்தைக்குப் பிறந்தவுடனேயே மூன்று தடுப்பு மருந்துகள் கிடைத்துவிடுகின்றன. இடது மேற்கையில் பிசிஜி ஊசி, தொடையில் ஹெபடைடிஸ் பி ஊசி, வாயில் இரண்டு சொட்டு போலியோ மருந்து. ஒன்றரை மாதத்தில் ரோட்டா வைரஸ் மருந்து உள்ளிட்ட அடுத்த தவணை வருகிறது. கிராம சுகாதார செவிலியர் தாய் சேய் நல அட்டையில் தேதி குறித்துக் கொடுக்கும் இந்தப் பட்டியல் டெல்லியிலோ ஜெனீவாவிலோ எழுதப்பட்டு உத்திரமேரூர் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். அதில் பாதிதான் உண்மை. பட்டியலில் உள்ள பிசிஜி, போலியோ, ரோட்டா ஆகிய மூன்றைப் பற்றியும் உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பங்கு, பழைய செங்கல்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களின் மக்களிடமிருந்து கிடைத்தது.

மானாம்பதி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று அந்த மாவட்டம் பிரிந்தது. 2019-ல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. எல்லைகள் மாறினாலும் மருத்துவ நூல்களில் ‘செங்கல்பட்டு’ என்ற பெயர் மாறவில்லை. காசநோய்த் தடுப்பூசி பற்றி எந்த மொழியில் எழுதப்பட்ட பாடநூலானாலும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அங்கே நடந்த ஆய்வில் தடுப்பூசி தோற்றது. அந்தத் தோல்வியை நேர்மையாக அளந்து வெளியிட்டதுதான் இந்த வட்டாரம் குழந்தை நலத்துக்குத் தந்த பெரிய கொடை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊருக்கு ஒரு முடிவு

பிரான்ஸின் லீல் நகரில் ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரான் என்ற இருவர் 1908-ல் தொடங்கிய வேலையில் பிறந்தது அந்தத் தடுப்பூசி. மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் வளர்த்து, அதிலிருந்து எடுத்து மறுபடி வளர்த்து, 13 ஆண்டுகளில் 230 முறை இப்படி மாற்றினார்கள். கிருமி உயிரோடு இருந்தது. நோய் உண்டாக்கும் வீரியத்தை இழந்திருந்தது. 1921-ல் பாரிஸில், காசநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பச்சிளங்குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாக அது கொடுக்கப்பட்டது. இருவரின் பெயரையும் சுமந்த அந்தக் கிருமிதான் பிசிஜி.

தொடக்கத்திலேயே ஒரு பேரிடி விழுந்தது. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இந்த மருந்து கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தோடு கலந்துவிட்டதே காரணம் என்பது விசாரணையில் தெரிந்தது. பிசிஜி குற்றமற்றது என்று ஆனாலும் அச்சம் தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காசநோய் உலகெங்கும் பெருகியபோது மீண்டும் பிசிஜியை நாடினார்கள். 1948-ல் கிண்டியில் பிசிஜி தயாரிப்பு ஆய்வுக்கூடம் தொடங்கியது. அதே ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் ஊசி போடும் பணி ஆரம்பித்து, சில ஆண்டுகளில் நாடு தழுவிய இயக்கமானது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ராஜாஜி. முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய மறு ஆண்டு, 1955-ல், பிசிஜியை ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். பலன் உறுதிப்படாத உயிர்க்கிருமியை நலமாக உள்ள கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலில் செலுத்தலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். அரசு அதை ஏற்கவில்லை. மருத்துவர்கள் பலர் அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கினார்கள். அவருடைய எதிர்ப்பு அளவு மீறியது என்று சொல்லலாம். ஆனால் ‘பலன் உறுதியா?’ என்று அவர் எழுப்பிய கேள்விக்கு அன்று யாரிடமும் நல்ல விடை இல்லை.

ஏனென்றால் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 1950-ல் பிரிட்டன் தொடங்கிய ஆய்வில் பள்ளிப்படிப்பை முடிக்கும் வயதில் இருந்த சுமார் 54,000 பேர் சேர்க்கப்பட்டனர். பிசிஜி முக்கால் பங்குக்கும் மேல் பாதுகாப்புத் தந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் பாதுகாப்பு 15 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மதனப்பள்ளியில் முதல் சில ஆண்டுகள் ஓரளவு பலன் தெரிந்தது, பிறகு தேய்ந்தது. பெயர் ஒன்று, ஊசி ஒன்று, முடிவு மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்பட்டன. ஒவ்வொரு நாட்டு ஆய்வுக்கூடமும் பிசிஜி கிருமியைத் தனித்தனியே பல்லாண்டு வளர்த்து வந்ததால் அதன் குணம் மாறியிருக்கலாம் என்பது ஒன்று. ஊசி போடப்படுபவர் வாழும் சூழலில் உள்ள வேறு கிருமிகள் குறுக்கிடலாம் என்பது மற்றொன்று. எது சரி என்று தீர்க்க, யாரும் குறை சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய, கறாரான ஆய்வு ஒன்று தேவைப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து அதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்தைத் தேர்ந்தன.

திருவள்ளூரைச் சுற்றி

காசநோய் ஆய்வுக்குச் சென்னை அப்போதே பேர் பெற்றிருந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் நிரூபித்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட அந்த ஆய்வு வழிகோலியது. அதே நகரத்தின் பக்கத்திலேயே நோயும் மிகுந்திருந்தது.

ஆய்வுக்களம் மாவட்டத்தின் வடபகுதியில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் நகரப் பகுதிகளிலும் அமைந்தது. 1968-ன் நடுப்பகுதியிலிருந்து 1971 மார்ச் வரை, வீடு வீடாகப் போய் 3,66,625 பேரின் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன. ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை எவரும் விடுபடக் கூடாது என்பது திட்டம். தோல் பரிசோதனை நடந்தது. 10 வயதுக்கு மேற்பட்டோருக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. பாரிஸ் வகை, கோபன்ஹேகன் வகை என இரண்டு பிசிஜி கிருமிகள். ஒவ்வொன்றிலும் கூடிய அளவு, குறைந்த அளவு. ஒரு சாராருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். குப்பியில் குறியீட்டு எண் மட்டுமே இருந்தது. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

யாருக்கு எது என்பதை மனிதர் எவரும் தீர்மானிக்காமல் சீட்டு விழுந்தபடி விடுவதுதான் இந்த முறையின் உயிர். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில், குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஓலையை எடுக்கச் சொல்வார்கள். விருப்பு வெறுப்பு தேர்வில் கலந்துவிடக் கூடாது என்பதே காரணம். தடுப்பூசி ஆய்வுக்கும் அந்தச் சிறுவன் தேவை. இல்லாவிட்டால் நலமாக உள்ளவர்கள் ஒரு பக்கமும் நலிந்தவர்கள் ஒரு பக்கமும் சேர்ந்துவிடுவார்கள். பிறகு தெரியும் வேறுபாடு மருந்தினாலா, ஆளினாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊசி போட்டதோடு வேலை முடியவில்லை. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே வண்டி ஊர்களுக்குள் வந்தது. இருமல் உள்ளவர்களிடம் சளி வாங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இடம் பெயர்ந்தவர்கள், மணமாகிப் போனவர்கள், இறந்தவர்கள் என எல்லாக் கணக்கும் வைத்துக்கொண்டு 15 ஆண்டுகள் இதைத் தொடர்ந்தார்கள். காசநோய்த் தடுப்பூசிக்காக உலகில் அதுவரை நடந்த ஆய்வுகளில் இதுவே பெரியது.

எதிர்பாராத முடிவு

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. பிசிஜி போட்டுக்கொண்டவர்களுக்கும் வெறும் திரவம் போட்டுக்கொண்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வந்த அளவில் வேறுபாடு இல்லை. எந்த வகைக் கிருமியும் எந்த அளவும் பலன் தரவில்லை. இறுதியாக 1999-ல் வெளியான 15 ஆண்டுக் கணக்கு இதை உறுதிப்படுத்தியது: பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, குழந்தைப் பருவத்தில் ஊசி போட்டவர்களுக்கு 27 சதவீதம் என்ற மெலிந்த பாதுகாப்பு, அதுவும் புள்ளியியல் உறுதி இல்லாதது.

1979-ன் முடிவு வந்தபோதே மருத்துவ உலகம் அதிர்ந்தது. ஆய்வில் எங்கோ தவறு என்று சொன்னவர்கள் உண்டு. மருந்து வழியில் கெட்டிருக்குமோ என்று ஐயப்பட்டவர்கள் உண்டு. போட்ட ஊசிகள் தோலில் உரிய எதிர்வினையைத் தந்திருந்தன. ஆகவே மருந்து கெட்டது என்ற வாதம் நிற்கவில்லை. கிருமி வகைதான் காரணம் என்ற முதல் விளக்கமும் விழுந்தது. வேறு நாடுகளில் நன்றாக வேலை செய்த இரண்டு வகைகளையும் இங்கே ஒரே நேரத்தில் சோதித்திருந்தார்களே. மிஞ்சியது இரண்டாம் விளக்கம்: சூழல்.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். மண்ணிலும் ஏரித் தண்ணீரிலும் புழுதியிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுகள் பல வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நோய் தருவதில்லை. வெறுங்காலோடு நடக்கிற, குளத்தில் குளிக்கிற குழந்தையின் உடல் சிறு வயதிலேயே அவற்றைச் சந்தித்துவிடுகிறது. இதை அறியத்தான் தொடக்கத்திலேயே இரண்டு வகைத் தோல் பரிசோதனை செய்தார்கள். மக்களில் மிகப் பெரும்பாலோரின் உடல் அந்தச் சுற்றுப்புறக் கிருமிகளை ஏற்கெனவே அறிந்திருந்தது. 1990-களில் சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தினர் அதே ஆய்வுப் பகுதியின் மண்ணையும் நீரையும் புழுதியையும் எடுத்துச் சோதித்து அந்தக் கிருமிகளைப் பிரித்துக் காட்டினார்கள். இவை உடலுக்கு ஓரளவு பாதுகாப்பை முன்பே தந்துவிடுவதால் பிசிஜி கூடுதலாகச் செய்ய எதுவும் இல்லாமல் போகிறது என்பது ஒரு கருத்து. உஷாராகிவிட்ட உடல் பிசிஜி கிருமியைப் பெருகவிடாமல் அழித்துவிடுகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு.

பிற்காலத்தில் உலக ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக பிசிஜியின் பலன் கூடுகிறது. நெருங்க நெருங்கக் குறைகிறது. பிரிட்டனின் இளைஞர்களையும் ஆப்பிரிக்க நாடான மலாவியின் இளைஞர்களையும் ஒப்பிட்டு 2002-ல் வெளிவந்த ஆய்வு, ஊசிக்கு முன்பே மலாவியர் உடலில் இத்தகைய எதிர்ப்பு இருப்பதையும் ஊசிக்குப் பின் அது பெரிதாகக் கூடாததையும் காட்டியது. செங்கல்பட்டின் முடிவு விதிவிலக்கு என்று கருதப்பட்ட நிலை மாறி, வெப்பமண்டலத்துக்கு அதுவே பொதுவான நிலை என்ற புரிதல் வந்தது.

பிறகு ஏன் இன்றும் போடுகிறோம்?

நியாயமான கேள்வி. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுக்கள் இதைத்தான் விவாதித்தன. செங்கல்பட்டு ஆய்வு அளந்தது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும், சளியில் கிருமி தெரியும் நுரையீரல் காசநோயை. கைக்குழந்தையைக் கொல்லும் காசநோயின் போக்கு வேறு. கிருமி இரத்தத்தில் கலந்து மூளை உறையைத் தாக்கும். அல்லது உடலெங்கும் தினை அளவுக் கொப்புளங்களாகப் பரவும். பிழைத்த குழந்தைகளும் கண், காது, அறிவுத்திறன் எனப் பலவற்றை இழப்பதுண்டு. இந்த வகை நோயை அளக்கும்படி செங்கல்பட்டு ஆய்வு அமைக்கப்படவில்லை. அதை அளந்த வேறு ஆய்வுகளில் பிசிஜி நன்றாகவே தேறியது. 2006-ல் வெளியான தொகுப்பாய்வின்படி மூளை உறைக் காசநோய்க்கு எதிராக 73 சதவீதம், உடலெங்கும் பரவும் வகைக்கு எதிராக 77 சதவீதம் பாதுகாப்பு உண்டு. 2002-ல் உலகெங்கும் பிறந்து பிசிஜி பெற்ற சுமார் 10 கோடிக் குழந்தைகளில் ஏறத்தாழ 30,000 பேர் அதனால் மூளை உறைக் காசநோயிலிருந்து தப்பினார்கள்.

ஆகவே கொள்கை கூர்மையானது. சுற்றுப்புறக் கிருமிகள் உடலைச் சேரும் முன், பிறந்தவுடன் போட வேண்டும். எதற்காகப் போடுகிறோம் என்பதிலும் மயக்கம் கூடாது: குழந்தையின் உயிரைக் காக்கும், ஊரில் காசநோய் பரவுவதைத் தடுக்காது. பரவலைத் தடுக்க நோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஊசியை மட்டும் நம்பியிருந்தால் நாம் இழந்திருக்கக்கூடிய ஆண்டுகளைச் செங்கல்பட்டு மீட்டுத் தந்தது.

அந்த மக்களிடமிருந்தே இன்னொரு செய்தியும் கிடைத்தது. காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான தொழுநோய்க் கிருமியை பிசிஜி ஓரளவு தடுப்பது தெரிந்தது. 1991-ல் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் பெரிய ஆய்வு செங்கல்பட்டு வட்டாரத்திலேயே தொடங்கி, சுமார் 1,71,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. 1998-ல் வந்த முடிவில் பிசிஜி மட்டும் 34 சதவீதமும், கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியுடன் சேர்ந்த பிசிஜி 64 சதவீதமும் பாதுகாப்புத் தந்தன. ஒரு நோய்க்குப் பயன்படாதது இன்னொன்றுக்குப் பயன்படுவதை அளக்காமல் அறிய முடியாது.

வேலூரில் சொட்டு மருந்து

செங்கல்பட்டில் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், மேற்கே பாலாற்றங்கரையில், வட ஆர்க்காடு மாவட்டத்தின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் போலியோ சொட்டு மருந்தை அளந்துகொண்டிருந்தார். மூன்று தவணை கொடுத்தால் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பு சக்தி வந்துவிடும் என்பது மேலை நாடுகளின் அனுபவம். வேலூர்க் குழந்தைகளின் இரத்தம் அப்படிச் சொல்லவில்லை. மூன்று தவணைக்குப் பிறகும் கணிசமானவர்களுக்கு எதிர்ப்பு சக்தி உருவாகவில்லை என்று 1972-ல் அவர் வெளியிட்டார். ஒரு மருத்துவக் கல்லூரியின் தனிக் குரலாகத் தெரிந்த அது, 1991-ல் வளரும் நாடுகளின் ஆய்வுகள் தொகுக்கப்பட்டபோது பொது உண்மையாகிவிட்டது: மூன்று தவணைக்குப் பின் முதல் வகை வைரஸுக்கு 73 சதவீதக் குழந்தைகளும் மூன்றாம் வகைக்கு 70 சதவீதக் குழந்தைகளும் மட்டுமே பாதுகாப்புப் பெற்றிருந்தார்கள்.

தவணைகளைக் கூட்ட வேண்டும், ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டும் என்பது ஜேக்கப் ஜான் கண்ட வழி. வேலூர் நகரில் முகாம் வைத்து அதைச் செய்து காட்டினார். 1995-ல் நாடு முழுவதும் தொடங்கிய ‘பல்ஸ் போலியோ’ அந்தச் சிந்தனையின் விரிவு. பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் பள்ளிக்கூடத்திலும் மேசை போட்டு, குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தமிழ்நாட்டுப் பெற்றோர் எல்லோருக்கும் நினைவிருக்கும். ‘போன முறைதான் கொடுத்தாச்சே, மறுபடி எதுக்கு?’ என்று கேட்டவர்களுக்கு உரிய விடை வேலூரின் இரத்த மாதிரிகளில் இருந்தது.

இந்தியாவுக்குள்ளேயும் மண் மாறியது. 2006-ல் வெளியான கணக்கின்படி, ஒரு தவணை மருந்து முதல் வகை வைரஸிலிருந்து தரும் பாதுகாப்பு உத்தரப் பிரதேசத்தில் வெறும் 9 சதவீதம். நாட்டின் பிற பகுதிகளில் 21 சதவீதம். நெரிசலும் ஓயாத வயிற்றுப்போக்கும் மருந்தைத் தோற்கடித்தன. ஆகவே மருந்தையே மாற்றினார்கள். ஒரே வகைக்கான சொட்டு மருந்து 2005-லும், இரண்டு வகைக்கானது 2010-லும் வந்தன. 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவான நோயாளியே இயற்கையான போலியோ வைரஸால் இளம்பிள்ளை வாதம் கண்ட நாட்டின் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27-ல் போலியோ ஒழிந்த நாடாக இந்தியா சான்றளிக்கப்பட்டது. சொட்டு மருந்தோடு ஊசியையும் சேர்த்தால் குடலின் எதிர்ப்பு வலுப்பெறுகிறது என்று காட்டிய ஆய்வும் 2014-ல் வேலூர்க் குழந்தைகளிடமிருந்தே வந்தது. மறு ஆண்டு அந்த ஊசி தேசியப் பட்டியலில் சேர்ந்தது.

பாதிக்குப் பாதி

ரோட்டா வைரஸின் கதையும் இதையே சொல்கிறது. கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் இந்த வைரஸ், தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுக்கு 78,000 குழந்தைகளின் உயிரைப் பறித்ததாகவும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை மருத்துவமனையில் சேர்த்ததாகவும் மதிப்பிடப்பட்டது. மெக்சிகோவில் நடந்த ஆய்வொன்றில், இயற்கையாக இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்கு அதன்பின் கடுமையான ரோட்டா நோய் வரவில்லை. ககன்தீப் காங் தலைமையில் வேலூர்க் குழுவினர் நகரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: மூன்று முறை தொற்று வந்த பிறகும் கடுமையான நோயிலிருந்து பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கையான தொற்றே முழுப் பாதுகாப்புத் தராத இடத்தில், அதைப் போலச் செய்யும் தடுப்பு மருந்தும் முழுப் பாதுகாப்புத் தராது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் எம்.கே. பான், நோய்க்குறி எதுவும் இல்லாத பச்சிளங்குழந்தைகளிடம் ஒரு ரோட்டா வைரஸைக் கண்டெடுத்தார். 116இ என்று பெயர் பெற்ற அதுவே பின்னாளில் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த ரோட்டாவேக் மருந்தானது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. 2014-ல் வெளியான முடிவு: கடுமையான ரோட்டா நோயிலிருந்து 53.6 சதவீதப் பாதுகாப்பு. பணக்கார நாடுகளில் ரோட்டா மருந்துகள் 85 சதவீதத்துக்கும் மேல் காக்கின்றன. பாதிதான் பலன் என்றால் எதற்கு என்று தோன்றலாம். நோய் மிகுந்த நாட்டில் பாதியைத் தடுத்தாலே காப்பாற்றப்படும் உயிர்களின் எண்ணிக்கை, நோய் அரிதான நாட்டில் முழுவதையும் தடுப்பதைவிடப் பல மடங்கு அதிகம். 2016-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கிப் படிப்படியாக நாடெங்கும் மருந்து பரவியது. 9 மாநிலங்களின் 31 மருத்துவமனைகளில் திரட்டிய தரவைக் கொண்டு 2025-ல் வெளியான மதிப்பீடு அதன் பலன் 54 சதவீதம் என்றது. ஆய்வு சொன்னதும் நடைமுறை காட்டியதும் ஏறக்குறைய ஒன்றே. இங்குள்ள குழந்தைகளிடம் சோதித்ததால்தான் கணக்கு பிசகவில்லை.

கை கொடுத்தவர்களின் உரிமை

இந்த ஆய்வுகளுக்கு இன்னொரு பக்கம் உண்டு. செங்கல்பட்டில் கை நீட்டிய கிராமத்தாருக்கு என்ன சொல்லப்பட்டது, அவர்கள் எதைப் புரிந்துகொண்டு நீட்டினார்கள் என்று இன்று கேட்காமல் இருக்க முடியாது. பிசிஜியின் பலன் ஐயத்துக்குரியதாக இருந்ததால் வெறும் திரவம் போட்டதை வஞ்சனை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் பெறும் விதி அன்று இந்தியாவில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மனிதர்கள் மீதான ஆய்வுக்கு முதல் அறநெறிக் கொள்கையை வெளியிட்டதே 1980-ல்தான்.

விதி வந்தபின்னும் மீறல்கள் நின்றுவிடவில்லை. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோரின் ஒப்புதல் பல இடங்களில் முறையாகப் பெறப்படவில்லை. 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. ரோட்டா ஆய்விலும், குடல் செருகல் என்ற அரிய பக்கவிளைவு பற்றிய தரவை மையம் வாரியாக, குறிப்பாக வேலூர்த் தரவைத் தனியாக வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1999-ல் அமெரிக்காவில் முதல் ரோட்டா மருந்து அந்தப் பக்கவிளைவால்தான் திரும்பப் பெறப்பட்டது என்பதால் கோரிக்கை அர்த்தமற்றதல்ல.

இன்று மருத்துவ ஆய்வு எதுவானாலும் தொடங்கும் முன் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். 7 வயது நிறைந்த குழந்தையிடம் அதற்குப் புரியும்படி சொல்லி அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது நெறிமுறை. இவை தடுப்பூசிக்கு எதிரான ஏற்பாடுகள் அல்ல. 2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை எதிர்கொள்ளச் சுகாதாரத் துறை எவ்வளவு பாடுபட்டது என்று பார்த்தோம். கேள்வி கேட்ட பெற்றோரை அதட்டி அனுப்பிய இடங்களில் வதந்தி வலுத்தது. உட்கார வைத்து விளக்கிய இடங்களில் தணிந்தது. ராஜாஜி காலத்திலிருந்து மாறாத பாடம் அது.

அடுத்த ஊசி எங்கே சோதிக்கப்படும்?

பிசிஜிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. காசநோய்க்கு இன்றுவரை அதைத் தவிர வேறு தடுப்பூசி புழக்கத்தில் இல்லை. இப்போது அதிக நம்பிக்கை தருவது எம்72 என்ற புதிய ஊசி. ஆப்பிரிக்க நாடுகளில் பெரியவர்களிடம் நடந்த முந்தைய கட்ட ஆய்வில் சுமார் 50 சதவீதப் பாதுகாப்புக் காட்டியது. 2024-ல் தொடங்கிய அதன் இறுதிக் கட்ட ஆய்வு தென்னாப்பிரிக்கா, கென்யா, மலாவி, சாம்பியா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளில் சுமார் 20,000 பேரிடம் நடக்கிறது. உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒரு பங்கைச் சுமக்கும் இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தியாவில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2019-ல், நோயாளியின் வீட்டில் வசிப்பவர்களுக்குக் காசநோய் வராமல் தடுக்குமா என்று இரண்டு தடுப்பூசிகளை 12,000 பேரிடம் சோதிக்கும் ஆய்வை மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. குழந்தைகளின் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்துக்குப் பதில் நான்கு மாதம் போதும் என்று 2022-ல் நிரூபித்த பன்னாட்டு ஆய்வில் சென்னைக் குழந்தைகளும் பங்கேற்றார்கள். ஆயினும் உலகம் எதிர்பார்த்திருக்கும் புதிய ஊசி, ஏரி மாவட்டத்தின் மண்ணிலும் நீரிலும் வளர்ந்த உடலில் என்ன செய்யும் என்று இப்போது யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் வென்றது என்ற செய்தி வரும் நாளில், இங்கே வெல்லுமா என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இருக்காது. 1950-களில் நாம் நின்ற இடம் அதுவே.

இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கலாம். புதிய காசநோய்த் தடுப்பூசி எதுவானாலும் தேசியப் பட்டியலில் சேர்க்கும் முன் தமிழ்நாடு உட்படச் சூழல் வேறுபட்ட சில மாநிலங்களிலாவது மக்களிடம் சோதித்து, முடிவு எப்படி இருந்தாலும் வெளியிட வேண்டும். அந்த முடிவு ஆங்கில ஆய்விதழோடு நின்றுவிடாமல், பங்கேற்ற ஊர்களின் கிராம சபையில் தமிழில் வைக்கப்பட வேண்டும். செங்கல்பட்டு ஆய்வில் பெயர் கொடுத்த 3,66,625 பேரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள். தம் குடும்பம் எதில் பங்கேற்றது, அதனால் உலகம் என்ன அறிந்தது என்பதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. பிறந்த குழந்தைக்கு பிசிஜியைத் தவறாமல் போடுங்கள். அது மூளைக் காசநோயிலிருந்து காக்கும். கையில் அது விட்டுச்செல்லும் தழும்பை நம்பி, வீட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.